இறுகிப்போன பைக் இக்னிஷன் லாக்: எதை அடிக்கலாம், எதை அடிக்கக் கூடாது?

சாவியைச் செருகினால் பாதியில் நிற்கிறது. லேசாக ஆட்டினால் உள்ளே போகிறது. போனாலும் திரும்ப மாட்டேன் என்கிறது. சாவியின் தலையைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துத் திருப்பினால்தான் மீட்டர் விளக்கு எரிகிறது. வண்டிக்காரருக்கு இந்த வித்தை கைக்குப் பழகிவிடும். வேறு யாராவது வண்டியை இரவல் கேட்கும்போதுதான், "சாவியை இப்படிப் பிடித்து, இந்தப் பக்கம் அழுத்தி..." என்று பாடம் நடத்த வேண்டியிருக்கும்.

இந்த நிலையில் பலரும் செய்வது ஒன்றுதான். கைக்குக் கிடைத்த எண்ணெயையோ ஸ்பிரேயையோ சாவித் துவாரத்துக்குள் அடிப்பார்கள். உடனே லாக் வெண்ணெயாகத் திரும்பும். பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கும்போது, சில வாரங்களில் பழைய இறுக்கம் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும். மறுபடி எண்ணெய், மறுபடி இறுக்கம்.

காரணம் எளிது. லாக் இறுகுவது பெரும்பாலும் உள்ளே எண்ணெய் வற்றியதால் அல்ல, அழுக்கு சேர்ந்ததால். எண்ணெய் அந்த அழுக்கைத் தற்காலிகமாக இளக்குகிறது. அப்புறம் புதுத் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் லாக்குக்கு எந்த மசகு நல்லது என்று கேட்பவர், எது அதிகம் வழுக்கும் என்று பார்ப்பதைவிட, எது தூசியைச் சேர்க்காது என்று பார்ப்பது முக்கியம். இது விளங்க, முதலில் லாக்கின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

உள்ளே என்ன நடக்கிறது?

பெரும்பாலான பைக்குகளில் இருப்பது தகட்டுப் பூட்டு. வெளியே அசையாத ஒரு கூடு. பொதுவாகத் துத்தநாகக் கலவையில் வார்த்தது. அதற்குள் சுழலும் ஓர் உருளை. நாம் சாவி போடும் துவாரம் இந்த உருளையில்தான் இருக்கிறது. உருளையின் குறுக்கே வரிசையாகச் சின்னச் சின்ன வெட்டுகள். ஒவ்வொரு வெட்டிலும் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று உட்கார்ந்திருக்கும். தகட்டின் நடுவில் ஓர் ஓட்டை. சாவி இந்த ஓட்டைகளின் வழியாகத்தான் உள்ளே போகிறது. ஓட்டை எல்லாத் தகட்டிலும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்றில் சற்று மேலே, இன்னொன்றில் சற்றுக் கீழே. உங்கள் சாவியின் பல்வரிசை ஏன் அப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கு இதுதான் விடை.

ஒவ்வொரு தகட்டுக்கும் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்பிரிங் உண்டு. சாவி இல்லாதபோது இந்த ஸ்பிரிங்குகள் தகடுகளைத் தள்ளி, அவற்றின் முனை உருளையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைக்கின்றன. நீட்டிய முனை கூட்டில் உள்ள பள்ளத்தில் மாட்டிக்கொள்வதால் உருளை சுழலாது. சரியான சாவி நுழைந்தால், அது ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய அளவு நகர்த்தி, முனைகள் எல்லாவற்றையும் உருளையின் விளிம்போடு சமமாக்குகிறது. இப்போது தடுப்பதற்கு ஒன்றுமில்லை, உருளை சுழல்கிறது. ஒரே ஒரு தகடு முரண்டு பிடித்தாலும் போதும், மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் சாவி திரும்பாது.

சாவியின் ஓரத்தில் பற்கள் இல்லாமல், பக்கவாட்டில் பாம்பு போல வளைந்த பள்ளம் வெட்டிய சாவிகள் சில வண்டிகளுக்கு வருகின்றன. அங்கும் அடிப்படை இதேதான்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, இடைவெளிகள் மிகச் சிறியவை. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அழுக்கு படிந்தாலே ஒரு தகடு தன் இடத்துக்கு வராமல் போகலாம். இரண்டாவது, அந்த ஸ்பிரிங்குகளுக்குப் பலம் குறைவு. கெட்டியான எதையும் தள்ளிக்கொண்டு அவற்றால் நகர முடியாது. மசகைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டுமே திரும்ப வரும்.

உருளையோடு கதை முடியவில்லை. அதன் பின்முனை ஹேண்டில் லாக்கின் தாழ்க்கட்டையை இயக்குகிறது. அதற்கும் அடியில் உண்மையான மின் சுவிட்ச்: பிளாஸ்டிக் தளத்தில் பதித்த செம்புக் கான்டாக்டுகள், அவற்றின் மீது சுழன்று இணைப்புக் கொடுக்கும் ஒரு துண்டு, ஆன், ஆஃப் நிலைகளில் "டிக்" என்று உட்கார வைக்கும் ஸ்பிரிங் அமைப்பு. ஆக, தகடுகள், தாழ்க்கட்டை, சுவிட்ச் ஆகிய மூன்று தனித்தனிச் சாதனங்களை ஒரே சாவி திருப்புகிறது. எதில் கோளாறு என்றாலும் நம் விரலுக்கு "சாவி இறுக்கம்" என்று ஒன்றாகத்தான் தெரியும்.

இறுக்கம் எங்கே இருக்கிறது?

ஸ்பிரே டப்பாவைத் தொடுவதற்கு முன் இதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை மிச்சம். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், விரல்களே போதும்.

சாவி உள்ளே போகும்போதே உரசினால், அல்லது வெளியே எடுக்கும்போது பிடித்து இழுத்தால், தகடுகளைச் சுற்றி அழுக்கு. இதுதான் அதிகம் காணப்படுவது, எளிதில் சரியாவதும் இதுதான். சாவி வழுக்கிக்கொண்டு உள்ளே போய், அப்புறம் திரும்ப மறுத்தால், சந்தேகத்தைச் சாவியின் பக்கம் திருப்புங்கள். தேய்ந்த சாவி தகடுகளைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவருவதில்லை. சாவியைப் பாதி மில்லிமீட்டர் வெளியே இழுத்துப் பிடித்தால் திரும்புகிறது, தலையைத் தூக்கினால் திரும்புகிறது என்பதெல்லாம் தேய்மானத்தின் அடையாளம்.

சாவி திரும்புகிறது, ஆனால் சேற்றில் கால் வைத்தது போல மந்தமாகத் திரும்புகிறது, ஆஃபுக்கும் ஆனுக்கும் நடுவில் அந்த "டிக்" கேட்பதில்லை என்றால், பிரச்சினை கீழே சுவிட்சில் இருக்கலாம். தொழிற்சாலையில் போட்ட கிரீஸ் வருடக்கணக்கில் காய்ந்து மெழுகாகிப் போயிருக்கும். சாவியை லேசாகத் தொட்டாலே மீட்டர் விளக்கு மினுக்கினால், அது நிச்சயமாகப் பூட்டுப் பிரச்சினை இல்லை, கான்டாக்ட் பிரச்சினை.

ஹேண்டில் லாக் போட்ட நிலையில் மட்டும் சாவி திரும்ப மறுக்கிறதா? அப்போது லாக் பழுதாக இல்லாமலே இருக்கலாம். வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கையில் ஹேண்டிலின் எடை முழுவதும் அந்தத் தாழ்க்கட்டையின் மீது அழுந்தி நிற்கும். ஒரு கையால் ஹேண்டிலை இடமும் வலமும் மெல்ல அசைத்துக்கொண்டே மறு கையால் சாவியைத் திருப்புங்கள். அழுத்தம் விலகும் நொடியில் சாவி தானாகத் திரும்பும். இது தெரியாமல் சாவியை முறுக்கி உடைத்தவர்கள் ஏராளம்.

இதெல்லாம் போக, எல்லாரும் மறந்துவிடும் ஒரு சோதனை: வண்டி வாங்கியபோது கொடுத்த இரண்டாவது சாவி. அலமாரியில் எங்கோ கிடக்கும் அதை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அது சிக்கலின்றித் திரும்பினால், லாக்கைச் சுத்தம் செய்வதால் மட்டும் உங்கள் தொல்லை தீராது, தினமும் பயன்படுத்தும் சாவி தேய்ந்துவிட்டது. இரண்டுமே ஒரே மாதிரி இறுகினால், தேடவேண்டியது லாக்குக்குள்.

அழுக்கைப் படிப்பது

சாவியை வெள்ளைத் துணியில் துடைத்து, லாக்கில் போட்டு எடுத்து, மறுபடி அதே துணியில் துடைத்துப் பாருங்கள். உள்ளே நடப்பதைத் துணி சொல்லிவிடும்.

கறுப்பாகப் பசை போல ஒட்டினால், பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்த கலவை. யாரோ எப்போதோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் கறுப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பொன்னிறத்தில் பொடிப் பொடியாக மின்னுவது தெரியலாம். அது தகடுகளிலிருந்தோ சாவியிலிருந்தோ தேய்ந்து வந்த பித்தளை. வெள்ளையாக மாவு போல வந்தால், ஈரம் புகுந்து துத்தநாகக் கூடு அரிக்கத் தொடங்கியிருக்கலாம். செம்பழுப்பு நிறம் என்றால் இரும்புப் பாகம் ஏதோ ஒன்றில் துரு. பஞ்சு, நூல் இழை ஆகியவை நம் பாக்கெட்டின் உபயம். சாவி பாக்கெட்டில் கிடந்து சேர்க்கும் துகள்களை நாமேதான் தினமும் லாக்குக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரியும். இன்ஜின் வால்வைத் தேய்த்துப் பொருத்த அவர்கள் பயன்படுத்தும் பசையே கிரீஸில் கலந்த சொரசொரப்புத் தூள்தான். எண்ணெய் விட்ட லாக்குக்குள் மெல்ல உருவாவதும் அதன் தம்பி. இறுக்குவதோடு நிற்காமல், ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் தகடுகளை அரைத்துக்கொண்டே இருக்கும்.

மசகு எதைச் செய்ய வேண்டும்?

இன்ஜினுக்குள் எண்ணெய் பெரும் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். லாக்கில் அப்படி எதுவும் இல்லை. இரண்டு விரல்களின் பலம்தான் அதன் மீது விழும் அதிகபட்ச சுமை. அதனால் லாக்குக்கு வலிமையான மசகு தேவையே இல்லை. மெல்லியதாக, காய்ந்ததாக, ஸ்பிரிங்கைத் தடுக்காததாக, தூசியை ஒட்டவிடாததாக, கீழே இருக்கும் பிளாஸ்டிக்கையும் மின் கான்டாக்டையும் கெடுக்காததாக இருந்தால் போதும். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கமாகச் சிபாரிசு செய்யப்படும் பொருட்களைப் பார்க்கலாம்.

முதலில் டபிள்யூடி-40 என்ற ஸ்பிரே. இதைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு: எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்பவர்கள், லாக்குக்குள் இதை அடிப்பது பாவம் என்பவர்கள். 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சிறு நிறுவனம் இதைத் தயாரித்தது. நோக்கம், ஈரத்தை விரட்டித் துரு பிடிக்காமல் தடுப்பது. நாற்பதாவது முயற்சியில் பலித்ததால் பெயரில் 40. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோலைத் துருவிலிருந்து காப்பதற்குத்தான் அது முதலில் பயன்பட்டது. ஈரத்தை வெளியேற்றுவதும் காய்ந்த பிசுக்கை இளக்குவதும் அதன் பலம். அதில் உள்ள கரைப்பான் ஆவியான பிறகு மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று தங்கும். அது தூசியைப் பிடிக்கும். என் கணக்கில் அது லாக்குக்கு நல்ல முதலுதவி, மோசமான நிரந்தர மருந்து. நனைந்த லாக்கிலிருந்து நீரை விரட்ட, சிக்கிய சாவியை விடுவிக்க, தாராளமாக அடிக்கலாம். அடித்ததை அப்படியே விட்டுவிடாமல் பிறகு சுத்தம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று: இதே பெயரில் வேறு வகை ஸ்பிரேக்களும் விற்கின்றன, உலர் மசகு உட்பட. டப்பாவின் நிறத்தைப் பார்த்து வாங்காமல் மேலே எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

தையல் மெஷின் எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெய்கள் இதைவிட நீண்ட நாள் தங்கும். அதே காரணத்தால் தூசியையும் நீண்ட நாள் பிடிக்கும். மூடிய அறைக் கதவுக்குப் பரவாயில்லை. சாலைத் தூசியில் வானம் பார்த்து வாய் திறந்திருக்கும் பைக் லாக்குக்கு நான் சொல்ல மாட்டேன். இன்ஜின் ஆயில் இன்னும் தடிப்பு, வேண்டாம். சமையல் எண்ணெய் எதுவாக இருந்தாலும் கூடவே கூடாது: காற்றுப் பட்டுப் பட்டு அது பிசினாக மாறும், அப்புறம் அதைக் கரைத்து எடுப்பதே தனி வேலை.

கிரீஸ் நல்ல பொருள், ஆனால் தவறான இடம். அந்தப் பலவீனமான ஸ்பிரிங்குகளை நினைத்துப் பாருங்கள். கிரீஸில் ஒட்டிக்கொண்ட தகட்டை அவற்றால் திரும்பத் தள்ள முடியாது. குளிரில் கிரீஸ் இன்னும் கெட்டியாகும். லாக்கைக் கழற்றிப் பிரித்தால், ஹேண்டில் லாக் தாழ்க்கட்டையில் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவலாம். சாவித் துவாரத்தின் வழியாக உள்ளே செலுத்துவது வேண்டாம்.

கிராஃபைட் தூள் பழைய பூட்டுக்காரர்களின் மருந்து. தாள் தாளாக அடுக்கிய கரி அணுக்கள் ஒன்றன் மேல் ஒன்று சறுக்குவதால் அது வழுக்குகிறது. வேடிக்கை என்னவென்றால், அப்படிச் சறுக்கக் காற்றில் உள்ள ஈரப்பதத்தின் உதவி அதற்குத் தேவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர்களில் கரி பிரஷ்கள் மளமளவென்று தேய்ந்து பொடியானதை ஆராயப்போய்த்தான் இது நன்றாகப் புரிந்தது. அந்த உயரத்தில் காற்று அவ்வளவு வறண்டிருந்தது. தரையில் நமக்கு அந்தக் கவலை இல்லை. கிராஃபைட் தூசியைச் சேர்க்காது, பிசினாகாது. கதவுப் பூட்டுக்கு அருமை.

பைக்குக்கு? இங்கேதான் தயங்க வேண்டியிருக்கிறது. கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். இக்னிஷன் லாக்குக்கு நேர் கீழே இருப்பது மின் கான்டாக்டுகள். மேல்நோக்கிய துவாரத்தில் தூளைத் தாராளமாகத் தூவினால் அது இறங்கிப் போய்ச் சேரும் இடம் அதுதான். ஒரு சிட்டிகையால் வண்டி பற்றி எரிந்துவிடாது, ஆனால் தேவையில்லாத ஆபத்து. தவிர, ஏற்கெனவே எண்ணெய் விட்ட லாக்கில் கிராஃபைட்டைப் போட்டால் இரண்டும் சேர்ந்து கறுப்புக் களிம்பாகும். பெட்ரோல் டேங்க் மூடிக்கும் சீட் லாக்குக்கும் அடியில் மின்சாரம் இல்லையென்றால் அங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பென்சிலால் சாவியைத் தேய்த்துப் போடும் பழக்கமும் இதன் கிளைதான். பென்சில் ஊசி முழுக்கக் கிராஃபைட் இல்லை, களிமண்ணும் கலந்தது. அவசரத்துக்கு உதவும். செய்வதாக இருந்தால் 4பி, 6பி போன்ற மென்மையான பென்சிலாக எடுங்கள், அவற்றில் களிமண் குறைவு.

சிலிக்கான் ஸ்பிரே ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஏற்றது. உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்தில் அது நீடிப்பதில்லை. தீப்பொறி பறக்கும் மின் கான்டாக்டுகளுக்கு அருகில் சிலிக்கான் இருந்தால், அது எரிந்து மின்சாரம் கடத்தாத படிவை உண்டாக்கக் கூடும் என்பதும் ஒரு காரணம். வேறு எதுவும் கிடைக்காவிட்டால் மட்டும்.

கடைசியாக, நான் கைகாட்டுவது: பிடிஎஃப்இ கலந்த உலர் மசகு ஸ்பிரே. டெஃப்லான் என்ற வணிகப் பெயரில் தோசைக்கல் வரை வந்துவிட்ட அதே பொருள். 1938இல் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் குளிரூட்டும் வாயு ஆராய்ச்சியின் போது தற்செயலாகக் கண்டுபிடித்தது. ஸ்பிரேயில் இது மிக நுண்ணிய துகள்களாகக் கரைப்பானில் மிதக்கிறது. அடித்ததும் கரைப்பான் தகடுகளுக்கு இடையே புகுந்து பரவி ஆவியாகிவிடும். வழுக்கும் காய்ந்த படலம் மட்டும் தங்கும். தொட்டால் கையில் எண்ணெய் ஒட்டாது, தூசிக்கும் பிடிமானம் கிடைக்காது. மின்சாரத்தையும் கடத்தாது. வாங்கும்போது "உலர்" என்ற சொல் டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். பிடிஎஃப்இ கலந்த ஈர எண்ணெய்களும் உண்டு, அவை செயினுக்கு. உங்கள் வண்டியின் கையேட்டில் லாக்குக்கென்று குறிப்பிட்ட மசகு ஏதாவது சொல்லியிருந்தால், இந்தக் கட்டுரையை ஒதுக்கிவிட்டு அதைக் கேளுங்கள்.

வேலையில் இறங்குவோம்

சுத்தம்தான் முதல் வேலை. மசகு போடுவது அரை நிமிட வேலை. சுத்தத்துக்கு வேண்டியது, பிளாஸ்டிக்குக்குப் பாதிப்பில்லை என்று எழுதியிருக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, அதாவது மின் கான்டாக்டுகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே. பிரேக் கிளீனர் சில பிளாஸ்டிக்குகளைத் தின்றுவிடும், அதை எடுக்காதீர்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் இரண்டும் வேண்டாம்.

வண்டி ஆறியிருக்க வேண்டும், சாவி ஆஃபில் இருக்க வேண்டும், காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும். பக்கத்தில் நெருப்பு கூடாது. இந்த ஸ்பிரேக்கள் பலவும் எளிதில் தீப்பற்றும். டேங்க் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. லாக்கைச் சுற்றிப் பழைய துணியைச் சுற்றிவிடுங்கள். மசகு வழிந்து டேங்க் பெயின்ட்டிலும் மீட்டர் கண்ணாடியிலும் விழாமல் இருக்க அது உதவும். முன் பிரேக் டிஸ்க்கில் ஒரு துளியும் படக் கூடாது, இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். காந்த மூடி உள்ள லாக் என்றால் அதைத் திறந்து வையுங்கள்.

டப்பாவோடு வரும் மெல்லிய குழாயைத் துவாரத்துக்குள் நுழைத்து, கிளீனரை ஒரு நொடி அடியுங்கள். உடனே சாவியைப் போட்டு எடுத்து, துணியில் துடையுங்கள். மறுபடி போட்டு எடுத்துத் துடையுங்கள். முதலில் கறுப்பாக வரும். நான்கைந்து முறைக்குப் பிறகு மறுபடி ஒரு நொடி கிளீனர், மறுபடி சாவி, மறுபடி துணி. துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை இதுதான் வேலை. பொறுமை போகும், ஆனால் இங்கே அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். ஒரேயடியாக நிறைய அடித்து முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் அழுக்கு வெளியே வராமல் கரைந்து கீழே சுவிட்சுக்குள் இறங்கும். கொஞ்சமாக அடித்து, சாவி வழியாக வெளியே கொண்டுவருவதுதான் உத்தி. அழுத்தக் காற்று கிடைத்தால், துவாரத்துக்கு மேல் துணியைப் பிடித்துக்கொண்டு ஓரிரு முறை ஊதலாம், கண்ணைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

துணி சுத்தமாக வந்ததும் அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். உள்ளே கரைப்பானின் ஆவி நிற்கும்போது சாவியை ஆன் செய்வது நல்லதல்ல. சுவிட்சில் சிறு பொறி எழலாம். கடுங்குளிர் காலமானால் இன்னும் அதிக நேரம் கொடுங்கள்.

பலருக்கு இந்த இடத்திலேயே ஆச்சரியம் காத்திருக்கும். மசகு ஒரு துளியும் போடாமலே லாக் புதிது போலத் திரும்பும்.

இனி உலர் மசகு. டப்பாவை நன்றாகக் குலுக்குங்கள். துகள்கள் அடியில் தங்கியிருக்கும், குலுக்காமல் அடித்தால் வெறும் கரைப்பான்தான் வரும். குழாயை நுழைத்து ஒரே ஒரு சின்ன அழுத்தம். சாவியைப் பத்து இருபது முறை உள்ளே வெளியே போட்டெடுங்கள். ஆஃபிலிருந்து லாக் நிலைக்கும் திருப்பித் திருப்பிப் பாருங்கள், ஆனுக்கு இப்போது வேண்டாம். சாவியைத் துடையுங்கள். பத்து நிமிடம் காயட்டும். அப்புறம் ஆன் செய்து பாருங்கள். வெள்ளையாகப் பொடி போல ஏதாவது வாயோரத்தில் படிந்திருந்தால் துடைத்துவிடலாம், அது மிஞ்சிய பிடிஎஃப்இ.

அப்படியும் திரும்பவில்லை என்றால்

சாவி தேய்ந்திருந்தால் எந்த மசகும் உதவாது. இங்கே பலரும் விழும் குழி ஒன்று உண்டு: தேய்ந்த சாவியைக் கொண்டுபோய் நகல் எடுப்பது. மெஷின் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுக்கும். புதுச் சாவி பளபளக்கும், பிடிவாதம் மட்டும் பழையதாகவே இருக்கும். நகல் எடுப்பதானால் பயன்படுத்தாத இரண்டாவது சாவியிலிருந்து எடுங்கள். அதுவும் இல்லையென்றால், வண்டியோடு வந்த சிறு உலோகத் தகட்டிலோ சாவியிலோ பொறித்த எண் இருக்கலாம். அந்த எண்ணை வைத்து, தொழிற்சாலை அளவில் புதிதாக வெட்ட முடியும். சாவித் தலையில் சிப் உள்ள வண்டிகளில் வெட்டினால் மட்டும் போதாது, அந்தச் சிப்பை வண்டிக்கு அறிமுகப்படுத்தவும் வேண்டும். இல்லையென்றால் சாவி திரும்பும், இன்ஜின் எடுக்காது.

அரத்தை எடுத்துச் சாவியைத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். தேய்ந்த சாவிக்குத் தேவை கூடுதல் உலோகம். அரம் குறைக்கத்தான் செய்யும்.

புதுச் சாவியும் பயன் தரவில்லை என்றால் தகடுகளே தேய்ந்துவிட்டன. லாக்கை மாற்றுவதுதான் வழி. டேங்க் மூடி, சீட் லாக் எல்லாம் சேர்ந்த செட்டாக வாங்கினால் ஒரே சாவியே எல்லாவற்றுக்கும் போதும்.

சுவிட்ச் கோளாறு என்று தெரிந்தால், அதை மேலிருந்து ஸ்பிரே அடித்துத் தீர்க்க முயல வேண்டாம். கீழிருந்து கழற்றி, காய்ந்த கிரீஸைத் துடைத்து, கான்டாக்டுகளைச் சுத்தம் செய்து, அதற்குரிய கான்டாக்ட் கிரீஸை மெல்லப் பூச வேண்டும். திறந்ததும் ஒரு குட்டி ஸ்பிரிங் எங்கேயாவது பறக்கும், அது ஸ்பிரிங்குகளின் பிறவிக் குணம். திருட்டைத் தடுக்க, ஒருமுறை முறுக்கினால் தலை உடைந்துவிடும் வகை போல்ட்டுகளால் சில லாக்குகளைப் பொருத்தியிருப்பார்கள். புதியவர்கள் இதை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

சாவி உள்ளே சிக்கி வெளியே வரவில்லை என்றால் இடுக்கியைத் தேடாதீர்கள். உருளை முழுமையாக ஆஃபுக்கு வராமல் ஒரு மயிரிழை தள்ளி நிற்கும். அதனால்தான் சாவியை விட மாட்டேன் என்கிறது. சாவியை உள்ளே அழுத்தி, ஆஃப் பக்கமாகக் கடைசி வரை திருப்பி, அப்புறம் நேராக இழுங்கள். இடுக்கியால் முறுக்கினால் சாவி பல் ஆழமாக வெட்டிய இடத்தில் ஒடியும். ஒடிந்த துண்டை எடுக்கப் பசை தடவிய குச்சியை விடும் யோசனை எங்கும் கிடைக்கும். பசை தகடுகளில் ஒட்டினால் லாக்கே போய்விடும். மெல்லிய கொக்கி வைத்திருக்கும் பூட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.

பனி உறையும் இடங்களில் காலையில் லாக் திறக்கவில்லை என்றால் உள்ளே இறங்கிய நீர் உறைந்திருக்கும். ஆல்கஹால் அடிப்படையிலான பனி நீக்கி ஸ்பிரே ஒரு துளி போதும். கொதிநீர் ஊற்றினால் அந்த நீரும் கொஞ்ச நேரத்தில் உறையும். லைட்டரால் சாவியைச் சுட வைத்தால் சிப் உள்ள சாவி பாழாகும். பிடிஎஃப்இ பூசிய லாக்கின் மீது நெருப்பைக் காட்டவே கூடாது. மிகுந்த சூட்டில் அது சிதைந்து நச்சுப் புகை விடும்.

மறுபடி இறுகாமல் இருக்க, வண்டி கழுவும்போது அழுத்த நீரை லாக்கின் வாய்க்கு நேராகப் பீய்ச்சாதீர்கள். சாவிக்கொத்தை இளைக்க வையுங்கள்: வீட்டுச் சாவி, அலுவலகச் சாவி, பாட்டில் திறப்பான் எல்லாம் சேர்ந்து தொங்கினால், ஓடும் வண்டியின் அதிர்வில் அந்த எடை முழுவதும் உருளையையும் தகடுகளையும் ஓயாமல் உலுக்கிக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை துணிச் சோதனை செய்து பாருங்கள். துணி சுத்தமாக வந்தால் லாக்கைத் தொட வேண்டாம்.

டேங்க் மூடி லாக்குக்கும் சீட் லாக்குக்கும் இதே வைத்தியம்தான். டேங்க் மூடியில் மட்டும் ஒரு மாற்றம். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்பிரே அடிக்காதீர்கள். அழுக்குக் கரைசல் பெட்ரோலுக்குள் சொட்டும், ஆவியும் எழும். மூடியிருக்கும்போதே துவாரத்தில் கொஞ்சமாக அடித்து, சாவியால் அழுக்கை வெளியே எடுத்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு திறங்கள்.